பல மட்டக் குவாண்டம் கணினிக்கான கம்பைலர்: 2 இருந்த இடத்தில் வேறோர் எண்ணை இட்டால் போதுமா?

நிரல்மொழி (கேள்வி)

வணக்கம். கணினி அறிவியலில் முதுநிலை இறுதியாண்டு படிக்கிறேன். இதுவரை நான் பழகியது வழக்கமான கம்பைலர்களோடுதான். எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பில் சில உகப்பாக்கப் படிகளை எழுதியிருக்கிறேன். ஐபிஎம்மின் குவாண்டம் மென்பொருளான கிஸ்கிட், ஒரு கியூபிட் (இரண்டு மட்ட அலகு) சுற்றைப் படிப்படியாக வன்பொருள் வாயில்களாக (அடிப்படைச் செயல்களாக) மாற்றும் முறையையும் ஓரளவு படித்திருக்கிறேன். இன்ஸ்ப்ரக் பல்கலைக்கழகக் குழு 2022இல் கால்சியம் அயனிகளில் ஏழு ஆற்றல் மட்டங்கள் வரை பயன்படுத்தி ஒரு கியூடிட் (இரண்டுக்கு மேற்பட்ட மட்டங்கள் கொண்ட அலகு) செயலியை இயக்கிக் காட்டிய செய்தியைப் படித்தபின், ஆய்வேட்டுக்கு இந்தத் துறையையே எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

ஓர் அலகில் இருக்கும் மட்டங்களின் எண்ணிக்கையை 'ம' என்று குறித்துக்கொள்கிறேன். கியூபிட் கம்பைலரில் 2 என்ற எண் வரும் இடங்களிலெல்லாம் 'ம' என்ற அளபுருவை வைத்துவிட்டால் கியூடிட் கம்பைலர் கிடைத்துவிடாதா? அணிகளின் அளவு பெரிதாகும், வாயில்களின் பட்டியல் மாறும். ஆனால் பகுப்பது, இடம் ஒதுக்குவது, தேவையற்ற வாயில்களை நீக்குவது என்ற வரிசை அப்படியே நிற்கும் என்று தோன்றுகிறது. மேலும், எட்டு மட்டங்களைக் கொண்ட ஓர் அயனி மூன்று கியூபிட்டுகளுக்குச் சமம் என்பதால், 24 கியூபிட் நிரலை மூன்று மூன்றாகத் தொகுத்து எட்டு அயனிகளில் இயக்கிவிடலாம் அல்லவா? அப்படியானால் கம்பைலர் ஆய்வாளருக்கென்று தனிச் சிக்கல் எதுவும் மிஞ்சுகிறதா என்று அறிய விரும்புகிறேன்.

அணிக்கோவை

உங்கள் எதிர்பார்ப்பில் ஒரு பகுதி சரியானதே. ஓர் அலகின் மேல் எந்த வாயிலையும் செய்ய முடிந்து, அதனோடு இரண்டு அலகுகளைப் பிணைக்கும் வாயில் ஏதேனும் ஒன்று கையில் இருந்தால், எந்தக் குவாண்டம் கணக்கையும் செய்துவிடலாம் என்ற தேற்றம் இரண்டு மட்டங்களுக்கு மட்டும் உரியதல்ல. எத்தனை மட்டங்களுக்கும் அது பொருந்தும் என்று ஜான்-லூக் பிரிலின்ஸ்கியும் ரனீ பிரிலின்ஸ்கியும் நிறுவினார்கள். ஆகவே, முடியுமா என்ற கேள்விக்கு விடை மாறுவதில்லை.

சிக்கல் தொடங்குவது உகப்பாக்க விதிகளில். கியூபிட் கம்பைலரின் மிக எளிய விதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் கியூபிட் 1 ஆக இருந்தால் இரண்டாவதைப் புரட்டும் சி-நாட் வாயில்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சி-நாட்டின் பொதுவடிவம் கூட்டல் வாயில். அது முதல் அலகின் மதிப்பை இரண்டாம் அலகின் மதிப்போடு, 'ம'வால் வகுத்த மீதியாக, கூட்டுகிறது. மூன்று மட்டங்களில் அதை இரண்டு முறை செய்தால் ஒன்றும் அழியாது, மூன்று முறை செய்தால்தான் தொடக்க நிலை திரும்பும். 0, 1 நிலைகளைச் சம அளவில் கலக்கும் ஹாடமார்ட் வாயிலின் இடத்தில் வரும் ஃபூரியர் வாயிலும் இப்படித்தான்: இருமுறை செய்தால் ஒவ்வொரு மதிப்பும் அதன் எதிர்மதிப்பாக மாறும், நான்கு முறை செய்த பிறகே பழைய நிலை வரும். மூன்று சி-நாட்களை அடுக்கி இரண்டு கியூபிட்டுகளை இடம் மாற்றும் பழக்கமான உத்தியையும் அப்படியே எடுத்துவர முடியாது. நடுவில் வரும் வாயில் கூட்டலுக்குப் பதிலாகக் கழித்தலாக வேண்டும்; அதன் பின்னும் ஓர் அலகில் எதிர்க்குறி மிஞ்சும் என்பதால், அதை நீக்க ஃபூரியர் வாயிலை இருமுறை செய்தாக வேண்டும்.

நீங்கள் எழுதிய உகப்பாக்கப் படிகளில் 'ஒரு வாயிலும் அதன் நேர்மாறும் ஒன்றே' என்ற அனுமானம் வெளிப்படையாக எழுதப்படாமல் எத்தனை இடங்களில் புதைந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அளபுருவாக மாற்றுவதற்கு அங்கே ஓர் எண்கூட இருக்காது என்பதுதான் இதன் ஆபத்து. கம்பைலர் எந்தப் பிழைச்செய்தியும் தராமல் தவறான சுற்றை வெளியிடும்.

'ம' பகா எண்ணா இல்லையா என்பதையும் கவனிக்க வேண்டும். டேனியல் காட்ஸ்மன் 1998இலேயே உயர் மட்ட அலகுகளுக்கான பிழைதாங்கும் கணிப்பை எழுதினார். அந்தக் கணிதம் பகா எண்களுக்கு அழகாக அமைகிறது. நான்கு மட்டங்களை எடுத்துக்கொண்டால், அவற்றை 0 முதல் 3 வரையிலான எண்களாகக் கருதிக் கூட்டுவதும், இரண்டு பிட்டுகளாகக் கருதித் தனித்தனியே கூட்டுவதும் வெவ்வேறு இயற்கணிதங்கள். ஒன்றில் எளிதாக இருக்கும் வாயில் மற்றொன்றில் எளிதாக இராது. எந்த இயற்கணிதத்தில் நிரல் எழுதப்பட்டது என்பதை இடைநிலை வடிவம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அயனிப்பொறி

அயனிகளில் சோதனை செய்யும் ஒரு குழுவுக்காகக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுகிறேன். அணிக்கோவை அவர்கள் சொன்னது கணிதத்தின் பக்கம். வன்பொருளின் பக்கத்திலிருந்து பார்த்தால், 'ம' என்பது ஓர் எண்ணே அல்ல, அது ஒரு கோட்டுரு (கணுக்களும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட வரைபடம்). இதை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டால் ஆய்வுக்கான சிக்கல்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கால்சியம்-40 அயனியை எடுத்துக்கொள்வோம். அதன் அடிமட்டமான எஸ் மட்டத்தில் இரண்டு உள்மட்டங்களும், ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆயுள் கொண்ட டி மட்டத்தில் ஆறு உள்மட்டங்களும் உள்ளன. மொத்தம் எட்டு. இவற்றை இணைப்பது 729 நானோமீட்டர் லேசர். ஆனால் அந்த லேசர் எந்த மட்டத்தையும் எந்த மட்டத்தோடும் இணைத்துவிடாது. எஸ் மட்டத்திலிருந்து டி மட்டத்துக்குத்தான் தாவல் நிகழும்; அதிலும் காந்தக் குவாண்டம் எண் இரண்டுக்கு மேல் மாறக் கூடாது என்பதால், ஒவ்வொரு எஸ் உள்மட்டமும் ஐந்து டி உள்மட்டங்களோடு மட்டுமே இணைகிறது. எட்டு கணுக்கள், பத்து விளிம்புகள்: இதுதான் உங்கள் கம்பைலரின் இலக்கு எந்திரம். இரண்டு டி உள்மட்டங்களுக்கிடையே ஒரு சுழற்சி வேண்டுமென்றால், ஒன்றை முதலில் எஸ் மட்டத்துக்கு இறக்கி, அங்கே சுழற்றி, பிறகு மீண்டும் ஏற்ற வேண்டும். ஒரு லேசர் துடிப்பில் முடிய வேண்டிய வேலைக்கு மூன்று துடிப்புகள் ஆகின்றன.

ஓர் அலகின் மேல் செய்யும் பொதுவான வாயிலை இரண்டிரண்டு மட்டங்களுக்கிடையிலான சுழற்சிகளாகப் பகுத்தால், ம(ம−1)/2 சுழற்சிகள் வரை தேவைப்படும். எட்டு மட்டங்களுக்கு அது 28. இப்படிப் பகுக்கும் வழக்கமான முறையான கியூஆர் பகுப்பை நேரடியாகச் செய்தால், அந்த 28இல் விளிம்பில்லாத ஒவ்வொன்றுக்கும் ஏற்றமும் இறக்கமும் கூடுதலாகச் சேரும். இங்கேதான் கம்பைலர் நிபுணரின் மூளைக்கு வேலை வருகிறது. இறக்கிய மட்டத்தை உடனே ஏன் ஏற்ற வேண்டும்? 'நிரலில் மூன்றாம் மட்டம் என்று சொல்வது இப்போது அயனியின் எஸ் மட்டத்தில் இருக்கிறது' என்று கம்பைலர் குறித்துவைத்துக்கொண்டால், ஏற்றும் துடிப்பை முற்றிலும் விட்டுவிட்டு அடுத்த சுழற்சிக்குப் போய்விடலாம். சுற்று ஓட ஓட நிரலின் மட்டங்களுக்கும் அயனியின் மட்டங்களுக்கும் இடையிலான பொருத்தம் மாறிக்கொண்டே வரும்; கடைசியில் அளவிடும்போது எது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வில்லே தலைமையிலான குழு, இன்ஸ்ப்ரக் ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2022இல் இப்படித் தகவமையும் கம்பைல் முறையை வெளியிட்டது. இரண்டு மட்டங்கள் மட்டுமே இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. ஒரே விளிம்புதானே இருக்கிறது.

விளிம்புகளின் தரமும் ஒன்றல்ல. எஸ் மட்டத்தின் −1/2இலிருந்து டி மட்டத்தின் −1/2க்குச் செல்லும் தாவல், காந்தப்புலம் ஒரு காஸ் மாறினால் ஏறத்தாழ 0.56 மெகாஹெர்ட்ஸ் நகரும். அதே இடத்திலிருந்து −5/2க்குச் செல்லும் தாவல் 2.8 மெகாஹெர்ட்ஸ் நகரும். ஆய்வகத்தில் காந்தப்புலம் சற்றே அலைந்தாலும் இரண்டாவது தாவல் ஐந்து மடங்கு தடுமாறும். அதிக நேரம் காத்திருக்கப்போகும் மட்டங்களை அமைதியான இடங்களில் வைப்பதும் கம்பைலரின் பொறுப்பு.

இனி, 24 கியூபிட்டுகளை எட்டு அயனிகளில் அடைப்பதைப் பற்றி. மூன்று கியூபிட்டுகளை ஓர் அயனிக்குள் வைத்தால், அந்த மூன்றுக்குள் நிகழும் வேலைகள் வியக்கத்தக்க அளவில் மலிவாகின்றன. முதல் இரண்டு கியூபிட்டுகளும் 1 ஆக இருந்தால் மூன்றாவதைப் புரட்டும் டஃபோலி வாயில், எட்டு நிலைகளில் 110, 111 என்ற இரண்டை மட்டுமே இடம் மாற்றுகிறது. அந்த இரண்டையும் விளிம்புள்ள மட்டங்களில் வைத்திருந்தால், கட்டத் திருத்தம் (அலைக் கட்டத்தைச் சரிசெய்வது) நீங்கலாக, ஒரே துடிப்பில் அது முடிந்துவிடும். ஆனால் மூன்றில் ஒரு கியூபிட்டின் மேல் ஹாடமார்ட் செய்ய, மற்ற இரண்டின் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒன்றாக நான்கு சுழற்சிகள் தேவை. அதைவிடக் கடுமையானது, ஓர் அயனிக்குள் இருக்கும் கியூபிட்டுக்கும் வேறோர் அயனிக்குள் இருக்கும் கியூபிட்டுக்கும் இடையே சி-நாட் செய்வது. கட்டுப்படுத்தும் கியூபிட் 1 ஆக இருக்கும் மட்டங்கள் நான்கு. இலக்கு அயனியில் இடம் மாற வேண்டிய இணைகள் நான்கு. ஒரு மட்டத்தையும் ஓர் இணையையும் மட்டும் தொடும் அடிப்படைப் பிணைப்பு வாயில் உங்களிடம் இருந்தால், கியூபிட் கணினியில் ஒன்றாக இருந்த சி-நாட் இங்கே பதினாறாகிறது. பிணைப்பு வாயில்தான் பிழை மிகுந்தது, நேரம் மிகுந்தது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மூன்று மூன்றாகத் தொகுப்பது நிரலைக் கெடுத்துவிடும்.

எல்லாப் பிணைப்பு வாயில்களும் இப்படி இரண்டிரண்டு மட்டங்களாகத்தான் செயல்பட வேண்டும் என்பதில்லை. இன்ஸ்ப்ரக் குழு 2023இல், ஐந்து மட்டங்கள் வரை கொண்ட அலகுகளை ஒரே செயலில் பிணைக்கும் வாயிலைச் செய்துகாட்டியது. அத்தகைய வாயில் இருந்தால் செலவுக் கணக்கே வேறாகும். அதனால்தான் செலவு மாதிரியைக் கம்பைலருக்குள் நிலையாக எழுதிவைக்காமல் வெளியிலிருந்து தரும்படி அமைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

அளவிடுவதைப் பற்றியும் ஒரு சொல். கால்சியத்தில் எஸ் மட்டத்தில் இருக்கும் அயனி ஒளிரும், டி மட்டத்தில் இருப்பது இருண்டிருக்கும்; கேமராவுக்குத் தெரிவது இவ்வளவே. எட்டு மட்டங்களைப் பிரித்தறிய, ஒன்றைப் பார்த்தபின் அடுத்ததை எஸ் மட்டத்துக்கு இறக்கிப் பார்ப்பது என்று அடுத்தடுத்துச் செய்ய வேண்டும். எது முதலில் தோன்ற வாய்ப்பு மிகுதியோ அதை முதலில் பார்க்கும்படி வரிசையை அமைப்பதும் ஒரு நல்ல உகப்பாக்கமே.

குளிர்கலன்

மீகடத்திச் சுற்றுகளில் வேலை செய்பவர்களின் பார்வையையும் சேர்க்கிறேன். டிரான்ஸ்மான் என்ற மீகடத்திக் கியூபிட்டில் கோட்டுரு மிக எளியது: 0, 1, 2, 3 என்று ஒரே சங்கிலி. அடுத்தடுத்த மட்டங்களுக்கிடையிலான அதிர்வெண்கள் ஏறத்தாழ 200 முதல் 350 மெகாஹெர்ட்ஸ் வரை வேறுபடுவதால் அவற்றைத் தனித்தனியே இயக்க முடிகிறது. ஆனால் மேலே போகப் போக மட்டம் விரைவாகச் சிதைகிறது. 2 என்ற மட்டத்தின் ஆயுள் பொதுவாக 1 என்ற மட்டத்தின் ஆயுளில் பாதியளவே. மின்னூட்ட இரைச்சலால் ஏற்படும் தடுமாற்றமும் மட்டத்துக்கு மட்டம் பெருகுகிறது.

ஆகவே எங்கள் பக்கத்தில் மூன்றாம் நிலையை (2 என்ற மட்டத்தை) நிரந்தரக் குடியிருப்பாகக் கொள்வதைவிட, தேவைப்படும் கணத்தில் ஏறி இறங்கும் இடமாகப் பயன்படுத்துவதே பல நேரங்களில் நன்மை தருகிறது. டஃபோலிக்குக் கியூபிட்டுகள் மட்டும் இருந்தால் ஆறு சி-நாட்கள் தேவை. அதற்குக் குறைவாக முடியாது என்பது நிறுவப்பட்டது. இரண்டாம் கட்டுப்பாட்டு அலகை, முதல் அலகு 1 ஆக இருக்கும்போது மட்டும், 1இலிருந்து 2க்கு ஏற்றிவிட்டு, அது 2இல் இருந்தால் இலக்கைப் புரட்டி, பிறகு இறக்கிவிட்டால் மூன்று பிணைப்பு வாயில்களில் வேலை முடிந்துவிடும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பிரணவ் கோகலேயும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் இதை மரம் போல அடுக்கி, பல கட்டுப்பாடுகள் கொண்ட டஃபோலியை, உதவி கியூபிட் ஏதுமில்லாமலே, கட்டுப்பாடுகளின் எண்ணிக்கைக்கு மடக்கை விகிதத்தில் வளரும் ஆழத்தில் செய்யலாம் என்று காட்டினார்கள். உள்ளீடும் வெளியீடும் கியூபிட்டுகளாகவே இருக்க, நடுவில் மட்டும் மூன்று நிலைகள். கியூபிட் நிரல் ஒன்றைப் படித்து இத்தகைய இடங்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் படி ஒன்றை நீங்கள் எழுதினால் அது மெய்யாகவே பயன்படும்.

நிரல்மொழி

மூவருக்கும் மிக்க நன்றி. என் கேள்வி எங்கே பிழைபட்டது என்பது இப்போது தெளிவாகிறது. மட்டப் பொருத்தம் மாறிக்கொண்டே வருவதைப் படிக்கும்போது எனக்கு ரெஜிஸ்டர் ஒதுக்கீடுதான் நினைவுக்கு வந்தது: மதிப்பை நகர்த்தாமல் அதன் பெயரை மட்டும் மாற்றிவிடுவது. எந்தக் கியூபிட்டுகளை ஓர் அயனிக்குள் சேர்ப்பது என்பதையும் கோட்டுருப் பிரிப்புச் சிக்கலாக எழுதலாம் என்று தோன்றுகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பெயர்களும் கட்டங்களும் இவ்வளவு மாறிய பிறகு, வெளிவந்த சுற்று மூல நிரலுக்குச் சமம்தான் என்று எப்படிச் சரிபார்ப்பது? எந்த மென்பொருளிலிருந்து தொடங்குவது?

அணிக்கோவை

சரிபார்ப்பில், இரண்டு சுற்றுகளின் அணிகளும் ஒன்றா என்று கேட்பதே தவறான கேள்வியாகிவிடும். கம்பைலர் வெளியிட வேண்டியவை மூன்று: சுற்று, இறுதி மட்டப் பொருத்தம் என்ற வரிசைமாற்றம், ஒவ்வொரு மட்டத்திலும் செய்யாமல் தள்ளிவைத்த கட்டச் சுழற்சிகள். அந்த வரிசைமாற்றத்தையும் கட்டங்களையும் சேர்த்த பின் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அளவிடுவதற்குச் சற்று முன் மிஞ்சும் கட்டங்கள் விடையைப் பாதிக்காது என்பதால் அவற்றை அங்கே விட்டுவிடலாம், ஆனால் நடுவில் பிணைப்பு வாயில் ஒன்று இருந்தால் அதைத் தாண்டிக் கொண்டுபோகும் முன் வாயில் அந்தக் கட்டத்தோடு பரிமாறக்கூடியதா என்று பார்த்தாக வேண்டும். இரண்டு மூன்று அலகுகளுக்கு முழு அணியையும் ஒப்பிடுங்கள். எட்டு அயனிகளில் எட்டு மட்டங்கள் என்றால் ஒரு நிலையை எழுதவே 1,67,77,216 சிக்கலெண்கள் வேண்டும். அது சாதாரணக் கணினியின் நினைவகத்தில் அடங்கும், ஆனால் முழு அணி அடங்காது. அங்கே தற்போக்காக எடுத்த உள்ளீட்டு நிலைகளை இரண்டு சுற்றுகளிலும் செலுத்தி ஒப்பிடுவதும், முடிவு வரைபடங்கள் என்ற சுருக்க வடிவத்தைப் பயன்படுத்துவதும் கைகொடுக்கும்.

அயனிப்பொறி

மென்பொருளைப் பொறுத்தவரை, மேலே சொன்ன மியூனிக் குழு வெளியிட்டுள்ள எம்கியூடி கியூடிட்ஸ் என்ற திறந்தமூலத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரே சுற்றில் ஓர் அலகுக்கு மூன்று மட்டம், அடுத்ததற்கு ஐந்து என்று கலந்து எழுத அது இடம் தருகிறது. முடிவு வரைபடத்தில் இயங்கும் சிமுலேட்டரும் அதில் உண்டு. பெர்க்லி ஆய்வகத்தின் பிகியூஎஸ்கிட் எண்முறையில் சுற்றுகளைத் தேடி உருவாக்குகிறது. அதிலும் ஒவ்வோர் அலகுக்கும் மட்ட எண்ணிக்கையைத் தனியே சொல்லலாம். கூகுளின் சர்க்கும் பல மட்ட அலகுகளை ஏற்கிறது, ஆனால் அதன் உகப்பாக்கப் படிகளில் பெரும்பாலானவை கியூபிட்டுகளுக்காக எழுதப்பட்டவை. கிஸ்கிட் சுற்றுகளில் அலகு என்றாலே கியூபிட்தான். துடிப்பு அளவில் எழுதி மேல் மட்டங்களைத் தொட முன்பு அதில் ஒரு வழி இருந்தது, 2025இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது.

ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டோடு நீங்கள் கண்ட ஒப்புமை நல்ல தொடக்கம். அதோடு ஒரு வேறுபாட்டையும் மனத்தில் வையுங்கள். ரெஜிஸ்டர்களில் எதை எங்கே வைத்தாலும் கூட்டல் கட்டளையின் விலை பெரும்பாலும் மாறாது. இங்கே மட்டத்தை எங்கே வைக்கிறோம் என்பதே அடுத்த கட்டளையின் விலையைத் தீர்மானிக்கிறது. கோட்டுருப் பிரிப்பிலும் அப்படியே: இரண்டு அயனிகளுக்கிடையே செல்லும் ஒவ்வொரு விளிம்பின் எடையும், அந்த அயனிகளுக்குள் எத்தனை கியூபிட்டுகளை அடைத்தோம் என்பதைப் பொறுத்து மாறும். ஒவ்வோர் அயனியிலும் இரண்டிரண்டு கியூபிட்டுகள் இருந்தால் ஒரு சி-நாட்டின் விலை நான்கு, மும்மூன்று இருந்தால் பதினாறு. நிலையான எடைகளை எதிர்பார்க்கும் பிரிப்பு நிரல்களை இங்கே நேரடியாகப் பயன்படுத்த இயலாது.

ஆய்வேட்டுக்கு நான் பரிந்துரைப்பது இது: ஓர் அலகின் மேல் செய்யும் வாயிலை மட்டும் எடுத்துக்கொண்டு, கோட்டுருவையும் விளிம்பு விலைகளையும் உள்ளீடாகப் பெறும் படி ஒன்றை எழுதுங்கள். கியூஆர் பகுப்பின் செலவை மேல்வரம்பாக வைத்துக்கொண்டு, அதைத் தாண்டும் கிளைகளை வெட்டிவிட்டுத் தேடினால், எட்டு மட்டங்களுக்குரிய 40,320 பொருத்தங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தேவையிருக்காது. அதே படியை டிரான்ஸ்மானின் சங்கிலிக்கும் கால்சியத்தின் பத்து விளிம்புக் கோட்டுருவுக்கும் கொடுத்து, பொருத்தத்தை மாற்றாமல் செய்த பகுப்போடு ஒப்பிடுங்கள். மூன்று மட்டச் சங்கிலியில் விடையைக் கையாலேயே கணக்கிட்டுச் சரிபார்க்க முடியும் என்பதால் அங்கிருந்து தொடங்குவது நல்லது.